ஏழாவது மீட்டர்

வருஷம் முழுக்க மண் உறைந்தே கிடக்கும் தீத்தேக் ஊரில் அனீசியாவை எல்லாரும் 'டிகிரி அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். ஊர்க்கோடியில் இருந்த வானிலை நிலையத்தில் முப்பத்தொரு வருஷம், மூன்று மணிக்கொரு தரம் தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதி நகரத்துக்குச் சொல்லி வந்தவள் அவள். நிலையத்தை மூடிக் கருவிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போன பிறகும் அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. கிழித்த நாள்காட்டித் தாள்களின் முதுகில் காலையும் மாலையும் குளிரை எழுதிவைத்தாள். அடுப்பு மூட்ட அதில் ரெண்டு தாளை எடுத்த புருஷன் ப்ரோகோப்பி வாங்கிக் கட்டிக்கொண்டது தெருவுக்கே கேட்டது. அவனுக்கு மட்டும்தான் கேட்கவில்லை. டிராக்டர் ஓட்டி ஓட்டிக் காது போய்ப் பல வருஷமாகியிருந்தது.

"எப்படி இருக்கீங்க அக்கா?" என்று யாராவது கேட்டால், "மைனஸ் நாற்பத்தொண்ணு. சாயங்காலம் இன்னும் இறங்கும்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவாள். பேச்சு அவ்வளவுதான்.

அதனால் யாகூத்ஸ்க் நகரத்து ஆய்வு நிலையத்திலிருந்து எர்ச்சிமென் என்பவர் வந்து, மூடிக் கிடந்த பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பதினைந்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு துளை போட்டு, "மாசம் ஒரு தடவை கேபிளை இறக்கி, மீட்டருக்கு மீட்டர் எத்தனை டிகிரின்னு எழுத ஒரு ஆள் வேணும்" என்று கேட்டபோது, ஊர்த் தலைவர் யோசிக்கவே இல்லை. அனீசியாவின் வீட்டைக் கை காட்டிவிட்டார்.

துளைக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாய், மேலே இரும்பு மூடி, அதற்கொரு பூட்டு. கேபிளில் மீட்டருக்கு ஒன்றாகப் பொத்தான் மாதிரி, குளிரை அளக்கும் பதினைந்து உலோக மணிகள். மாதம் பத்தாம் தேதி அவள் போவாள், இறக்குவாள், அரை மணி நேரம் காத்திருப்பாள், கேபிளின் மேல்முனையில் மாட்டிய கைப்பெட்டியில் தெரியும் எண்களை எழுதுவாள், போனில் அனுப்புவாள். எட்டு வருஷம் இப்படிப் போயிற்று. பத்தாவது மீட்டர் முதல் வருஷம் மைனஸ் மூன்றரையில் இருந்தது. எட்டாவது வருஷம் மைனஸ் ஒன்றரைக்கு வந்திருந்தது. ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

துளையைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரே ஆள், பள்ளிக்கூடத்துக்கு அடுத்த வீட்டு விதவை மாவ்ரா. "பூமிக்கு வாய் வெச்சுட்டுப் போயிட்டானுங்க. இனி அதுக்குப் பசிக்குமே, யார் போடுறது?" என்று கேட்டாள். பிறகு தானே போட ஆரம்பித்தாள். குதிரைமயிர்க் கயிற்றில் துணிக்கிழிசல்களைக் கோத்துக் குழாயைச் சுற்றிக் கட்டினாள். மூடிமேல் வாரத்துக்கொரு அப்பம், அதன்மேல் கொஞ்சம் வெண்ணெய். பத்தாம் தேதி போகும்போதெல்லாம் அனீசியா அந்தக் கயிற்றை அவிழ்ப்பாள். வேலை முடிந்ததும் அதே முடிச்சைப் போட்டுவிடுவாள். இதைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

ஒன்பதாம் வருஷம் ஜனவரி பத்து. மைனஸ் நாற்பத்தொன்பது. விட்ட மூச்சு காதருகிலேயே உறைந்து சரசரவென்று உதிர்கிற குளிர். அனீசியா கேபிளை மேலே இழுத்தாள். ஆறு மணிகள் உலர்ந்து வந்தன. ஏழாவது மணி ஈரமாக வந்தது. அதற்குக் கீழே எல்லாமே ஈரம். காற்றுப் பட்ட மாத்திரத்தில் கேபிள் வெள்ளையாக விறைத்துக்கொண்டது.

கையுறையைக் கழற்றிவிட்டு, விறைப்பதற்குள் ஒரு விரலை வைத்துப் பார்த்தாள். தண்ணீர்தான். முகர்ந்தாள். பழைய தோலும் சேறும் மாட்டுக் கொட்டிலும் சேர்ந்த வாடை. என்றைக்கோ செத்துப்போன கோடைகாலத்தின் வாடை.

இழுப்பதற்கு முன் பெட்டி காட்டிய எண் தெளிவாக இருந்தது. ஏழாவது மீட்டர், பிளஸ் சைபர் புள்ளி மூன்று.

வீட்டுக்கு வந்து எர்ச்சிமெனைக் கூப்பிட்டாள்.

"ஏழாவது ஈரமா வருது."

"மேலேருந்து பனி உள்ள விழுந்திருக்கும் அக்கா."

"நாற்பத்தொன்பதுல விழுந்த பனி உருகுமா?"

"அடுத்த மாசம் வரைக்கும் காத்திருக்காதீங்க. நாளைக்கே இன்னொரு தடவை இறக்கிப் பாருங்க" என்றார்.

மறுநாள் இறக்கினாள். ஏழாவது மீட்டர் தாண்டியதும் கேபிள் கையில் லேசாக அசைந்தது. முதலில் தன் கை நடுக்கம் என்று நினைத்தாள். முழங்கையைக் குழாயோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். அசைவு நிற்கவில்லை. கீழே ஒருவர் மறுமுனையைப் பிடித்து, அவசரமில்லாமல், ஆற்றுப் பக்கமாக இழுத்துப் பார்ப்பதுபோல் இருந்தது. விட்டுவிட்டு இழுத்தது. அவளும் பதிலுக்கு ஒருமுறை இழுத்தாள். ஏன் அப்படிச் செய்தோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. உடனே கேபிளை மளமளவென்று மேலே சுருட்டி, மூடியைப் பூட்டி, மாவ்ராவின் கயிற்றை வழக்கத்தைவிட ஒரு முடிச்சு கூடுதலாகப் போட்டுக் கட்டினாள்.

"குழாய் உடைஞ்சிருக்கு. கீழ தண்ணி ஓடுது" என்றார் எர்ச்சிமென் போனில். "எந்தப் பக்கம் இழுக்குது?"

"ஆத்துப் பக்கம்."

"துளைக்கும் ஆத்துக்கும் நடுவுல என்ன இருக்கு?"

"மூணு வீடு இருக்கு. நடு வீடு எங்கப்பா கட்டினது. இப்ப என் தம்பி இருக்கான்."

தம்பி ஸ்பிரிதோன் அவளைவிடப் பத்து வயது இளையவன், குதிரை வளர்க்கிறவன். ஊரில் அவன் இருக்கிற இடத்தில் சிரிப்பு இருக்கும். அந்த பிப்ரவரியில் ஒருநாள் அவன் அக்கா வீட்டுக்கு வந்து, உறைந்த குதிரை ஈரலைச் சீவி உப்பில் தொட்டுத் தின்றுகொண்டே ஒரு கதை சொன்னான்.

"மீன் பிடிக்கலாம்னு பள்ளிக்கூடத்துப் பக்கத்து ஏரிக்குப் போனேன். கடப்பாரையால குத்திக் குத்தி ஒரு மீட்டர் ஐஸைத் தாண்டிட்டேன். கடைசிக் குத்துல கடப்பாரை கைய விட்டு உள்ள போயிடுச்சு. போனது தண்ணில விழல. 'டங்'குன்னு சத்தம் கேட்டுச்சு."

"டங்குன்னா?"

"ஐஸ் மேல விழுந்த மாதிரி. குனிஞ்சு பார்த்தேன். கீழ ஒரு ஆள் உயரத்துக்கு வெறும் இருட்டு. அதுக்கும் கீழ இன்னொரு ஐஸ். அதுமேல என் கடப்பாரை ஜம்முன்னு படுத்துக் கிடக்கு." சிரித்தான். "உள்ளேருந்து ஒரு காத்து வந்துச்சு பாரு, கிழவன் இருமினாப்ல, வெதுவெதுன்னு. நான் ஒரே ஓட்டம். கடப்பாரைய ஏரியே வெச்சுக்கட்டும்."

அனீசியா சிரிக்கவில்லை. நாள்காட்டித் தாள் ஒன்றைத் திருப்பி ஏரியை வரைந்தாள், துளையை ஒரு புள்ளியாக வைத்தாள், அவன் வீட்டை ஒரு கட்டமாகப் போட்டாள், அப்பால் ஆறு. நான்கையும் ஒரு கோட்டால் இணைத்தாள்.

"ஏரி கசியுதுடா. ஐஸுக்கு அடியில தண்ணி இறங்கிட்டே இருக்கு. ஏழு மீட்டர் ஆழத்துல, உன் வீட்டுக்கு நேர் கீழ ஓடுது."

ஸ்பிரிதோன் தாளைப் பார்த்தான். "அப்பா நாற்பது வருஷம் அந்த வீட்ல இருந்தாரு. நான் அதுல பொறந்தேன். நீ ஒரு பென்சில வெச்சு என்னைத் தண்ணில தள்ளுறியா?"

"நான் தள்ளலடா."

"ஏன்க்கா, நெசமாத்தான் கேக்கிறேன். அந்த ஓட்டையப் போடுற வரைக்கும் ஊரு நல்லாத்தானே இருந்துச்சு?"

அவன் எழுந்து போன பிறகு, அதுவரை ஒரு வார்த்தையும் காதில் விழாமல் உட்கார்ந்திருந்த ப்ரோகோப்பி அந்தத் தாளை எடுத்துக் கோட்டின்மேல் விரலை ஓட்டினான். "இது எனக்குத் தெரியும்" என்றான். "பள்ளிக்கூடத்துப் பக்கமாப் போனா உள்ளங்கால்ல படுது. மந்தை போற மாதிரி இருக்கு. போயிட்டே இருக்கு, முடியவே மாட்டேங்குது."

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்று அவள் அவன் காதில் கத்தினாள்.

"காதுதான் போச்சு, காலும் போயிடுச்சுன்னு சொல்லுவ."

மார்ச்சில் எர்ச்சிமென் பனிப்பாதை வழியாக வந்தார். ஊர் மன்றத்தில் கூட்டம் போட்டார்கள். படக்கருவி காட்டிய வெள்ளைத் துணியில் சிவப்பும் நீலமுமாகக் கோடுகள் ஏறின, இறங்கின. அவரும் அந்த ஊர்க்காரர்களைப் போலச் சஹா இனத்து ஆள்தான். ஆனால் படித்ததெல்லாம் ரஷ்யன், வேலையைப் பற்றிப் பேச வாயெடுத்தால் ரஷ்யன்தான் வரும். பத்து நிமிஷத்தில் முன்வரிசை கொட்டாவி விட்டது. அவர் நிறுத்திவிட்டு, "அனீசியா அக்கா, நீங்க நம்ம பேச்சுல சொல்லுங்க. உங்க எண்தானே இதெல்லாம்" என்றார்.

அவள் எழுந்து நின்றாள். முப்பத்தொரு வருஷம் வயர்லெஸ்ஸில் பேசியவளுக்கு, முகங்களைப் பார்த்துப் பேசுவது புதிது. சஹா மொழியில் நிலத்தடி உறைவுக்கு இருக்கும் சொல்லே 'உருகாத உறைவு' என்பதுதான். வேறு சொல் கிடையாது. எப்படிச் சுற்றி வந்தாலும் அதில்தான் போய் முட்டியது.

"உருகாத உறைவு... உருகிட்டிருக்கு" என்றாள்.

மன்றம் குலுங்கிச் சிரித்தது.

"அப்ப அது உருகுற உறைவுன்னு சொல்லு!"

"பேர மாத்தணும்னா ஆபீஸ்ல மனு குடுக்கணும் டிகிரி அக்கா!"

எல்லார் குரலுக்கும் மேலே ஸ்பிரிதோனின் குரல் கேட்டது. "எங்கக்கா கண்ணு பட்டா எதுதான் உருகாது? எங்க மாமாவையே பாருங்க!"

ப்ரோகோப்பி, எல்லாரும் தன்னைத் திரும்பிப் பார்ப்பதைப் பார்த்து, என்னவென்று தெரியாமலே தலையை ஆட்டினான். சிரிப்பு இன்னும் கூடியது. அனீசியா எண்களைச் சொல்லத் தொடங்கினாள். பிளஸ் சைபர் புள்ளி மூன்று என்றபோது யாரோ, "மைனஸ் அம்பதுல வாழுறவனுக்கு அந்தப் புள்ளி மூணு என்ன செஞ்சிடும்?" என்றார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள். ஸ்பிரிதோனின் மனைவி ஃபெக்லா மட்டும் சிரிக்காமல், ரெண்டு கையையும் மடியில் இறுகக் கோத்துக்கொண்டு தரையையே பார்த்திருந்ததை அனீசியா கவனித்தாள்.

எர்ச்சிமென் மறுநாள் ஆற்றங்கரைச் சரிவுக்குப் போய்ப் பார்த்தார். சரிவின் பாதியில், பனிக்கு நடுவே, மண்ணுக்குள்ளிருந்து வந்த தண்ணீர் மஞ்சள் நிற ஐஸ் திரையாக வழிந்து உறைந்து நின்றது. அருகே போய்க் காதை வைத்தவர் உடனே எடுத்துக்கொண்டார். "மே மாசம் பனி உருகி ஏரிக்கு வரும். அதுக்கு முன்னாடி இந்த மூணு வீடும் காலியாகணும்" என்று ஊர்த் தலைவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். தலைவர் வாங்கி வைத்துக்கொண்டார். ஓரத்து வீடுகள் ரெண்டிலும் இருந்தவர்கள், எதற்கு வம்பு என்று, மகள் வீட்டுக்கும் அண்ணன் வீட்டுக்கும் போய்விட்டார்கள். நடு வீட்டில் மட்டும் புகை வந்தது.

ஏப்ரல் பத்தாம் தேதி அனீசியா துளைக்குப் போனபோது பூட்டு உடைந்து கிடந்தது. குழாய்க்குள் வாய் வரைக்கும் கல். கல்லின்மேல் தண்ணீர் ஊற்றி உறையவைத்திருந்தார்கள். மாவ்ராவின் கயிறு மட்டும் அறுபடாமல், பத்திரமாக வேலியில் மாட்டப்பட்டிருந்தது. அவள் கேபிள் சுருளைத் தோளில் வைத்தபடி அங்கேயே நின்றாள். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக, கீழே என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மே மாதம் வந்தது. பனி இளகிப் பாதைகள் அறுந்தன. ஆற்றில் ஐஸ் உடைந்து மோதிக்கொண்டு போனது. ஜூன் பாதி வரைக்கும் யாரும் ஊருக்குள் வரவோ போகவோ முடியாது. ஏரியின் ஓரங்களில் ஐஸ் உள்வாங்கித் தொங்கியது. குதிரைகள் அங்கே குடிக்கப் போவதை நிறுத்திவிட்டன. தூரத்தில் வரிசையாக நின்று, காதுகளை முன்னால் நீட்டி, ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தன.

இருபத்திரண்டாம் தேதி காலை, அனீசியா ஒரு மெத்தையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு, தலையணை, டீக்கோப்பை சகிதம் தம்பி வீட்டுக்குள் நுழைந்தாள். அடுப்புக்கு எதிரே, தரையின் நட்டநடுவில் மெத்தையை விரித்து உட்கார்ந்தாள்.

"என்னக்கா இது?"

"இங்கதான் இருக்கப் போறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"நீ கிளம்புற வரைக்கும். இல்ல, வீடு கிளம்புற வரைக்கும்."

"மாமாகூடச் சண்டையா?"

"அவரு பின்னால வர்றாரு. அவரோட மெத்தை கனமா இருக்காம்."

ஸ்பிரிதோன் சிரித்துப் பார்த்தான், கோபப்பட்டுப் பார்த்தான், ஊரே கேட்கும்படி கதவை அறைந்துவிட்டு வெளியே போனான். அறைந்த கதவு மூடிக்கொள்ளாமல் மெல்லத் திரும்பி வந்து அகலமாகத் திறந்து நின்றது. கொஞ்ச நாளாக அப்படித்தான் என்று ஃபெக்லா சொன்னாள். மேஜைமேல் வைத்த கெண்டி தானாக நகர்கிறது. வேறு பக்கம் வைத்தாலும் அதே மூலைக்குத்தான் போகிறது.

அவள் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள். "அண்ணி, தரைக்குக் கீழ யாரோ பேசுறாங்க. வார்த்தை புரியல. ஆனா ஒருத்தர் கேக்கிறாங்க, இன்னொருத்தர் பதில் சொல்றாங்க. நான் நடந்தா நிறுத்திடுறாங்க."

"தண்ணி கல்லுல மோதுற சத்தம் அது."

"நீங்க சொன்னா சரி" என்றாள் ஃபெக்லா. நம்பியதாகத் தெரியவில்லை. அன்று மதியம் தானும் அந்தத் தரையில் காதை வைத்துப் படுத்தபோது, அனீசியாவுக்கும் அதை வெறும் தண்ணீர் என்று சொல்லிக்கொள்வது அத்தனை சுலபமாக இல்லை. ஒரு குரல் நீளமாக எதையோ கேட்டது. நிறுத்தியது. எதிர்ப்பக்கத்திலிருந்து குட்டையாக ஒரு பதில். அவள் தன் பெயர் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்ததை உணர்ந்து எழுந்து உட்கார்ந்தாள்.

ப்ரோகோப்பி காலணிகளைக் கழற்றிவிட்டு, உள்ளங்காலைப் பலகையில் பதித்துச் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். அவ்வப்போது, "போகுது" என்பான். கொஞ்சம் கழித்து, "இப்ப நிறையப் போகுது."

இரண்டாம் நாள் ஸ்பிரிதோன் அக்காவுக்கு எதிரே வந்து குந்தினான். வெயிலில் முகம் கறுத்து, கண்ணுக்குக் கீழே பை விழுந்திருந்தது.

"ஓட்டைய அடைச்சது நான்தான்" என்றான்.

"தெரியும்."

"எப்படி?"

"மாவ்ரா கயிறை அறுக்காம மாட்டி வெச்சிருந்த. வேற எவன் அவ்வளவு பயந்தாங்கொள்ளி இந்த ஊர்ல?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் உதடு கோணிக்கொண்டது. "ஃபெக்லா சோறு தின்னமாட்டேங்கிறா. ராத்திரியெல்லாம் உக்காந்திருக்கா. அடைச்சுட்டா சத்தம் நிக்கும்னு நெனச்சேன். அடைச்சப்புறம்தான் அதிகமாச்சு." தரையைப் பார்த்தான். "நீ கூட்டத்துல சொன்னப்பவே எனக்கு அது நெசம்னு தெரிஞ்சிடுச்சுக்கா. அதான் அவ்வளவு சத்தமாச் சிரிச்சேன்."

"அப்ப கிளம்பேன்டா."

"கிளம்பி? அப்பா கட்டின வீட்டை அதுக்குத் தின்னக் குடுத்துட்டு, நான் எவன் வீட்டுத் திண்ணைல போய் உக்காருவேன்?"

அவன் கேட்டது எண்ணாக இருந்தால் சொல்லியிருப்பாள். அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சின்ன வயதுக்குப் பிறகு அப்படி அவள் செய்ததில்லை.

மூன்றாம் நாள் நடுப்பகலில், சமையலுக்கு இறைச்சி எடுக்க ஃபெக்லா கொல்லையில் இருந்த நிலவறைக்குப் போனாள். உறைந்த மண்ணில் ஐந்து மீட்டர் ஆழத்துக்கு மாமனார் வெட்டியது. கோடையிலும் அங்கே இறைச்சி கல்லாக இருக்கும். ஏணியில் பாதி இறங்கியவள், கையிலிருந்த விளக்கைக் கீழே நீட்டினாள். அடியில் தரை இல்லை. குளிர்காலம் முழுக்கச் சேர்த்த அரைக் குதிரை இறைச்சி இல்லை. மீன் மூட்டைகள் இல்லை. ஏணியின் கால்கள் வெறும் காற்றில் தொங்கின. மேலே கட்டிய கயிறுதான் அதைப் பிடித்திருந்தது. கறுப்பிலிருந்து ஒரு காற்று எழும்பி வந்து விளக்கை அணைத்தது. அப்புறம் பேச்சுச் சத்தம், இப்போது தடுப்பு ஏதுமில்லாமல், பக்கத்து அறையில் கேட்பதுபோல் கேட்டது. அவள் ஏணியில் அசைந்தாள். சத்தம் நின்றது.

அவள் அலறவில்லை. ஏறி வந்தாள், வீட்டுக்குள் போனாள், அடுப்பிலிருந்து ஒரு சட்டி நிறையக் கங்குகளை அள்ளினாள். அள்ளும்போது நெருப்பிடம், "வா, போகலாம்" என்று சொன்னாள். புருஷனைத் திரும்பிப் பார்க்காமல் வாசலைத் தாண்டினாள்.

"ஃபெக்லா?"

"நெருப்பு என்கூட வந்திடுச்சு. நீ இருக்கிறதுனா இரு."

அந்த ஊர் வழக்கத்தில், அடுப்பு நெருப்பு வெளியேறிப் போன வீட்டில் ஒருவன் இருக்க முடியாது. ஸ்பிரிதோன் சுவரில் இருந்த அப்பாவின் படத்தைக் கழற்றினான். பிறகு என்ன எடுப்பது என்று தெரியாமல் ஒரு வாணலியை எடுத்துக்கொண்டான். அனீசியா ப்ரோகோப்பியின் தோளைத் தட்டினாள். அவன் காலணியைப் போடப் போனவன், பாதத்தைத் தரையிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றான்.

"நின்னுடுச்சு" என்றான்.

அவர்கள் தெருவின் எதிர்ப்பக்கத்தை அடைவதற்குள், ஏரிப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. வெடிச் சத்தம் இல்லை. மிகப் பெரிய விலங்கொன்று தண்ணீர் குடித்து முடிக்கும்போது வருகிற உறிஞ்சல். ஊரே வெளியே வந்தது. ஏரியின் நடுவில் இருந்த ஐஸ் குழிந்து, பிளந்து, ஓரம் ஓரமாகச் சாய்ந்து படுத்தது. பிளவுகளின் வழியே தண்ணீர் பள்ளிக்கூடத்துக்கு அருகே ஒரே மூலையை நோக்கிச் சுழன்று போவது தெரிந்தது. மாவ்ரா மார்பில் கை வைத்துக்கொண்டு, உதடு அசைய, எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

துளை இருந்த இடத்தில் மண் உள்வாங்கியது. பள்ளம் தெருவைக் குறுக்கே கடந்து நடு வீட்டை நோக்கி வந்தது. ஓடவில்லை, நடந்துதான் வந்தது. வேலிக் கம்பங்கள் ஒவ்வொன்றாகத் தலையாட்டிவிட்டு மறைந்தன. வீடு உடையவில்லை. மரச்சட்டம் ஒன்றுகூட முறியாமல், ஒரு மாடு படுப்பதுபோல் முதலில் முன்பக்கமும் பிறகு பின்பக்கமும் இறங்கி, ஜன்னல் விளிம்பு வரைக்கும் மண்ணுக்குள் போய் நின்றது. புகைக்கூண்டிலிருந்து, ஃபெக்லா விட்டு வந்த மிச்ச நெருப்பின் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. சாயங்காலம் வரைக்கும் அது நிற்கவில்லை. அவ்வளவு விறகு அந்த அடுப்பில் இல்லை என்று ஃபெக்லா பலமுறை சொன்னாள்.

ஆற்றின் தண்ணீர் நான்கு மணி நேரம் காப்பி நிறத்தில் ஓடியது. ஏரி இருந்த இடத்தில் கறுத்த சேறும், அதன்மேல் வாய் திறந்து துள்ளும் மீன்களும் கிடந்தன. அந்த மீனை அள்ள ஊரில் ஒருவரும் கூடை எடுக்கவில்லை. ஆள் சேதம் இல்லை. ஓரத்து வீட்டுக்காரர்களின் ஒரு பசு மட்டும் காணாமல் போனது.

அதற்குப் பிறகு அனீசியாவைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அவளுக்கு அது இன்னும் மோசமாக இருந்தது. "அவ வாயால சொன்னா, நடந்துச்சு" என்று பேசிக்கொண்டார்கள். கடையில் அவள் நுழைந்ததும் பேச்சு அடங்கும். எப்படி இருக்கிறீர்கள் என்று இப்போது யாரும் அவளைக் கேட்பதில்லை. பதிலுக்கு ஒரு எண் வந்துவிடுமோ என்று பயம். ஒருமுறை அவள் ஒரு பிள்ளைத்தாச்சியிடம், "பார்த்து நடம்மா, வழுக்கும்" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண் அங்கேயே நின்று அழுதுவிட்டாள். அன்றிலிருந்து அனீசியா தெருவில் வாயைத் திறப்பதையே விட்டாள்.

ஜூன் கடைசியில் எர்ச்சிமென் வந்தபோது, "நான் இனிமே எண்ணு பாக்கலை" என்று சொன்னாள். "நான் பாக்கறதாலதான் நடக்குதுன்னு எனக்கே தோண ஆரம்பிச்சிடுச்சு."

அவர் சரிவில் உட்கார்ந்து, கரைந்த மண்ணைக் கையில் உருட்டிக்கொண்டே, "எனக்கும் தோணும் அக்கா" என்றார். "நான் போய்ப் பேசின நாலு ஊரு இப்ப இல்ல. அஞ்சாவது ஊருக்குப் போறப்ப வண்டிய விட்டு இறங்கவே கால் வரல."

"இறங்கினீங்களா?"

"இறங்கினேன். அங்க இப்ப தீத்தேக்ல இருந்து ஒரு ஆள் வந்து பேசினா கேப்பாங்க."

அவள் போனாள். இலையுதிர்காலத்துக்குள் மூன்று ஊர்களுக்கு, படகில் ஒன்றுக்கும் டிராக்டரில் ரெண்டுக்கும். படமும் கோடும் எடுத்துப் போகவில்லை. மன்றத்தில் எழுந்து நின்று, கேபிள் எப்படி இழுத்தது என்று சொல்வாள். கடப்பாரை எப்படி 'டங்' என்றது என்று சொல்வாள். ஏணியின் கால் எப்படித் தொங்கியது என்று சொல்வாள். கடைசியில்தான் எண்ணுக்கு வருவாள். எந்த ஊரிலும் யாரும் சிரிக்கவில்லை. ஒரு ஊரில் அவள் தங்கிய வீட்டுக்காரி, அவள் கிளம்பிய பிறகு வாசலை நெருப்புப் புகை காட்டிச் சுத்தம் செய்ததைப் படகிலிருந்தே பார்த்தாள். அதே ஊரில் அடுத்த வாரம் எட்டுக் குடும்பங்கள் இடம் மாறின என்று கேள்விப்பட்டாள்.

தீத்தேக்கில் வீடிழந்தவர்களுக்கும் வீட்டை விட்டு வந்தவர்களுக்கும் மேட்டுக்காட்டில் இடம் ஒதுக்கினார்கள். ஸ்பிரிதோன் அங்கே புது வீட்டை ரெண்டு தடித்த மரச் சறுக்குகளின் மேல் கட்டினான், பனிவண்டி மாதிரி. "டிராக்டர் கட்டி இழுத்துட்டுப் போயிடலாம் பாருங்க" என்று எல்லாருக்கும் காட்டினான். முதலில் அதிசயமாகப் பார்த்தவர்கள், குளிர் இறங்குவதற்குள் நாலு பேர் அதையே செய்தார்கள். அங்கேயும் ஒரு துளை போடவேண்டும் என்று எர்ச்சிமெனைக் கேட்டது ஸ்பிரிதோன்தான். முதல் தடவை கேபிள் இறக்கும்போது அக்காவின் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எவ்வளவு?"

"பத்தாவது மீட்டர் மைனஸ் அஞ்சு புள்ளி ஒண்ணு."

"அது நல்லதா கெட்டதா?"

"நாம இருக்கிற வரைக்கும் தாங்கும்."

"அப்புறம்?"

அவள் பெட்டியைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். "அப்புறத்துக்கு என்கிட்ட எண்ணு இல்லடா" என்றாள். அவன் கூரைக்கு ஆணி அடிக்கப் போனான்.

மறு கோடையில் ஏரியின் அடிச்சேற்றில் புல் முளைத்தது. அப்படி ஒரு புல்லை யாரும் கண்டதில்லை. நெஞ்சளவு உயரம், கறுப்பாகத் தெரிகிற பச்சை, காற்றில்லாத நாளிலும் லேசாக அசையும். மாடுகளின் குளிர்காலத் தீவனத்துக்கு வேறு நிலமில்லாமல் ஆண்கள் இறங்கி அறுத்தார்கள். கீழே யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்று, அறுக்கும்போது பாட்டோ பேச்சோ இல்லை. கரையேறிய பிறகுதான் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பசுக்கள் முதலில் முகர்ந்துவிட்டு ஒதுங்கின, பிறகு பசிக்குத் தின்றன, நிறையப் பால் கொடுத்தன. ஃபெக்லா கறக்கிறாள், காய்ச்சுகிறாள், எல்லாருக்கும் ஊற்றுகிறாள். தான் மட்டும் பால் விடாத வெறும் டீதான் குடிக்கிறாள்.